ஒன்றோடொன்று கலந்துவிடாதா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலேயே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். இப்போது செல் நுண்ணுறுப்புகள் பாடம். மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் நிலையம், ரைபோசோம் புரதத் தொழிற்சாலை, லைசோசோம் தற்கொலைப் பை என்று எல்லோரும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பிக்கிறார்கள். போன வாரம் ஒரு பையன், “இத்தனையும் ஒரே செல்லுக்குள்ள இருந்தா ஒண்ணோட ஒண்ணு கலந்துராதா டீச்சர்? அந்தத் தற்கொலைப் பையில ஓட்டை விழுந்தா என்ன ஆகும்?” என்று கேட்டான். எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. மனப்பாடம் இல்லாமல் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது? சாதாரண மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அந்தப் பையனைத் தட்டிக்கொடுங்கள். பாடம் முழுவதையும் அவன் கேள்வியிலிருந்தே நடத்திவிடலாம்.

லைசோசோமுக்குள் புரதம், கொழுப்பு, சர்க்கரை, நியூக்ளிக் அமிலம் என்று எதையும் சிதைக்கக்கூடிய ஐம்பதுக்கு மேற்பட்ட நொதிகள் இருக்கின்றன. அதைச் சுற்றியுள்ள சவ்வு ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் உள்ளே தள்ளுகிறது. அதனால் உள்ளே பி.ஹெச். 5 அளவில் அமிலமாக இருக்கும்; வெளியே சைட்டோபிளாசம் என்கிற செல் கூழில் 7.2 அளவு, அமிலம் இல்லை. அந்த நொதிகள் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஒன்றிரண்டு லைசோசோம் கசிந்தாலும் வெளியே வந்த நொதிகள் பெரும்பாலும் மழுங்கிப் போகும், செல் தப்பித்துவிடும். நிறைய சேர்ந்து உடைந்தால் செல் சாகும். பையனுக்கு இதுதான் பதில்.

அப்புறம், ‘தற்கொலைப் பை’ என்ற பட்டத்தை வகுப்பில் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். லைசோசோமின் அன்றாட வேலை, தேய்ந்துபோன பாகங்களைச் செரித்து மறுபடி பயன்படும்படி திருப்பித் தருவது. இந்தத் தன்விழுங்கல் எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்ட் செல்களில் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஒற்றைப் பட்டப்பெயரில் இவ்வளவு வேலையும் மறைந்துபோகிறது.

பெயரையும் வேலையையும் முதலில் சொல்லிவிடாதீர்கள். படத்தைக் காட்டி, ‘இது ஏன் இப்படி இருக்கு?’ என்று கேளுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு ஏன் அத்தனை மடிப்பு மடிப்பாக இருக்கிறது? அந்தச் சவ்வில்தான் வேலை நடக்கிறது, பரப்பு கூடினால் வேலையும் கூடும். உணவிலிருந்து வரும் ஆற்றலை வைத்து ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் மறுபக்கம் தள்ளித் தேக்கப்படுகின்றன. தேங்கியவை திரும்பி வர ஒரு புரதம் வழி விடுகிறது. வரும் வேகத்தில் அந்தப் புரதம் நிஜமாகவே சுழலும், செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. உருவாகும். உங்கள் பிள்ளைகள் பாபநாசம் பார்த்தவர்கள்தானே. மேலே காரையாறு அணையில் தேங்கிய தண்ணீர் இறங்கி வந்து கீழே மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றுவதைச் சொல்லுங்கள். அணை ஓட்டையாக இருந்தால் டர்பைன் சுற்றுமா? சவ்வு எதற்கு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ரைபோசோமுக்குச் சவ்வே கிடையாது என்பதையும் அந்தச் சூட்டோடு சொல்லிவிடுங்கள், போதும். நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது கணிகத்தில், அதாவது தாவரச் செல்லில் மட்டும் இருக்கும் பிளாஸ்டிட் என்ற நுண்ணுறுப்பில். தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு வாழையை விடலாமா?

வாழையைத் தறிக்கும்போது நடுவில் சுருண்டிருக்கும் குருத்தைப் பிரித்துக் காட்டுங்கள். வெளுத்து, இளமஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படாததால் அதன் கணிகங்களில் இன்னும் பச்சையம் வரவில்லை. வெளியே வந்து வெயில் பட்டதும் அதே கணிகங்களுக்குள் ஒளியைப் பிடிக்கும் தைலகாய்டு சவ்வுகள் அடுக்கடுக்காக விரிந்து பசுங்கணிகங்கள் ஆகின்றன. காய்க்குள் இருக்கும் கணிகத்துக்கு ஒளியைப் பிடிக்கும் வேலை இல்லை. அது மாவுச்சத்தை நிரப்பிக்கொண்டு குண்டாகிறது. மூன்றும் ஒரே வகைக் கணிகத்திலிருந்து வந்தவை. இடம் மாற வேலை மாறுகிறது, வேலைக்கேற்ப உள்ளமைப்பும் மாறுகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

உங்கள் மைக்ராஸ்கோப்பே இதற்குப் போதும். பச்சை வாழைக்காயை நறுக்கி, சதையைக் குச்சி நுனியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கலக்குங்கள். மேலே கவர் கண்ணாடி போட்டு, 100 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். செல்கள் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் நீள்வட்ட மாவுச்சத்து மணிகள். மருந்துக்கடை டிங்சர் அயோடினை நன்றாக நீர்க்கவைத்து ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அது பரவப் பரவ மணிகள் ஒவ்வொன்றாகக் கருநீலமாக மாறும். அந்த நேரம் பிள்ளைகளில் ஒருவரின் கண் லென்ஸில் இருக்க வேண்டும். அடுத்தது நன்றாகக் கனிந்த பழத்தில் இதையே செய்யுங்கள். மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டதால் செல்கள் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். இதற்கு ஏத்தன் (நேந்திரன்) வேண்டாம், அது பழுத்தாலும் மாவு கொஞ்சம் நிற்கும். நாட்டுப் பழமாக எடுங்கள். அயோடின் கூடிப்போனால் எல்லாமே கறுத்துவிடும், கவனம்.