சிஸ்டரின் சம்பளம்

அன்புள்ள அக்கா,

உங்கள் அம்மாவின் இடுப்பெலும்பு ஆபரேஷன் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் வீட்டுக்காரர் அனுப்பி வைத்தார். இரவு மூன்று மணிக்கு அம்மா கையில் நரம்பே கிடைக்காதபோது, ஒரு சிஸ்டர் கையுறைக்குள் வெந்நீர் நிரப்பி ஒத்தடம் கொடுத்து, ஒரே குத்தில் வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டதை எழுதியிருந்தீர்கள். நாங்கள் தினமும் செய்கிற வேலைதான் என்றாலும், ஒருவர் அதைக் கவனித்து எழுதியிருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடைசியில் ‘வெள்ளைச் சேலை கட்டிய தெய்வம்’ என்று முடித்திருந்தீர்கள். இப்போது யார் அக்கா சேலை கட்டுகிறார்கள்?

நான் பி.எஸ்சி. நர்சிங். ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமம். அப்பா கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்தார். 2019-இல் அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுதி, 2020-இல் கொரோனா சமயத்தில் தற்காலிக ஆர்டர் வந்தது. இரண்டரை வருஷம் பார்த்தேன். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை முடிந்தது என்றார்கள். அப்போது நான் ஆறு மாதம். பிறகு மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலம் வேலை தருவதாகச் சொன்னபோது போக முடியவில்லை. இப்போது போகிற இடமெல்லாம் ‘சர்வீஸ்ல கேப் இருக்கேம்மா’ என்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் 9,000 தருகிறோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்துப் போடு என்றார்கள். ஒரு வருஷக் கோர்ஸ் முடித்த பிள்ளைகள் அதையும்விடக் குறைவுக்கு வருகிறார்களாம். துணிக்கடையில் 12,000 கொடுக்கிறார்களே என்கிறார் மாமியார். ஏஜென்ட் ஒருவர் குவைத்துக்கு நான்கு லட்சம் கேட்கிறார்.

நிறையப் பேர் படித்துவிட்டதால்தான் வேலை இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தானா? இன்னொன்றும் கேட்கத் தோன்றியது. உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அந்த சிஸ்டருக்கு என்ன சம்பளம் என்று கேட்டீர்களா?

பெயர் போட வேண்டாம்.
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கேட்கவில்லை.

பதினோரு நாள் அந்த வார்டில் இருந்தோம். அவர் பெயரையே மூன்றாவது நாள்தான் தெரிந்துகொண்டேன். டிஸ்சார்ஜ் அன்று ஒரு பெட்டி இனிப்பையும் ஐந்நூறு ரூபாயையும் நீட்டினேன். இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். அதையும் கட்டுரையில் பெருமையாக எழுதினேன். வெள்ளைச் சேலையைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். அவர் போட்டிருந்தது நீல நிற டாப்ஸும் பேன்ட்டும். எழுதும்போது எந்தக் காலத்துப் படத்திலிருந்தோ சேலை வந்து உட்கார்ந்துவிட்டது.

போன வாரம் அம்மாவை மறுபடி காட்டுவதற்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே வருவதற்குள் வார்டுக்குப் போய் அவரைத் தேடிப் பிடித்தேன். உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவருக்குத் தயக்கமே இல்லை. “பத்து வருஷ சர்வீஸ்க்கா. பதினாலாயிரத்து ஐந்நூறு. கூட நைட் பார்க்கிற பொண்ணுக்கு ஏழாயிரம்” என்றார். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ படித்து முறையாகப் பதிவு செய்தவர். கூட இருந்த பெண் ஒரு வருஷக் கோர்ஸ். இருவருக்கும் ஒரே நீல உடை, இருவரையும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டோம். எனக்கு வித்தியாசம் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் ஒரே உடையோ என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து பழைய பில்லைத் தேடி எடுத்தேன். அறை வாடகை, டாக்டர் விசிட், மருந்து எல்லாவற்றுக்கும் நடுவில் ‘நர்சிங் கட்டணம், நாளொன்றுக்கு ரூ. 800’ என்று ஒரு வரி. கட்டும்போது கண்ணில் படவே இல்லை. அந்த வார்டில் 28 படுக்கை. எல்லாம் நிறைந்திருந்தால் ஒரே நாளில் நர்சிங் என்ற பெயரில் வருவது 22,400 ரூபாய். அந்த இரவு விழித்திருந்த இருவரின் ஒரு மாதச் சம்பளத்தைக் கூட்டினால் 21,500. மற்ற ஷிப்ட் ஆட்களுக்கும் இதில்தான் சம்பளம், படுக்கை தினமும் நிறையாது, எல்லாம் சரி. அப்படியே கழித்துப் பார்த்தாலும் மீதி இருபத்தொன்பது நாள் பணம் எங்கே போகிறது என்று கேட்கத்தானே வேண்டும்?

உங்கள் முதல் கேள்விக்கான என் பதிலும் இந்த பில்லில்தான் இருக்கிறது. நர்ஸ்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் ஐந்து படுக்கைக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களுக்காக அதற்கு மேலும் முப்பது சதவீதம் ஆள் வைக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆளுக்கு ஒருவர். எங்கள் வார்டில் அன்றிரவு இருந்ததோ 28 படுக்கைக்கு ஒன்றரை நர்ஸ் (அந்தப் பெண்ணை அரையாகக் கணக்குப் போட்டதற்கு மன்னிக்கட்டும்). இடம் நிறையக் காலியாக இருக்கிறது எஸ். அந்தக் காலி இடத்துக்கு ஆள் எடுக்காமலேயே ஆஸ்பத்திரி நடக்கிறது என்பதுதான் விஷயம். இருக்கிறவர்கள் ஓடி ஓடி ஈடுகட்டுகிறார்கள். உறவினர்கள் பாட்டிலைப் பார்த்துக்கொள்கிறார்கள். “டிரிப் முடியப் போகுது சிஸ்டர்” என்று நானே எத்தனை முறை ஓடியிருப்பேன்.

தனியார் அப்படி என்றால் அரசாங்கம் இதையே கௌரவமாகச் செய்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது நீங்கள் எல்லோரும் சொல்கிற எம்.ஆர்.பி., 2012-இல் வந்தது. 2015-இல் 7,243 நர்ஸ் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டுத் தேர்வு வைத்தது. போட்டித் தேர்வு, மதிப்பெண், இட ஒதுக்கீடு எல்லாம் முறைப்படி. கொடுத்த சம்பளம் மட்டும் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது பேச்சு. இரண்டு வருஷம் ஆனது. 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கைக்குழந்தைகளோடு வந்தவர்களும் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினார்கள். அப்புறம் 7,700 என்பது 14,000 ஆகி, 18,000 ஆனது. தேர்வு எழுதித் தேறியவர்கள் நிரந்தரப் பணியிடம் காலியாவதற்காக வரிசையில் நின்றார்கள். பக்கத்துப் படுக்கைக்கு மருந்து கொடுக்கிற நிரந்தர நர்ஸுக்கோ அதே வேலைக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம்.

உங்களை எடுத்தது இதற்கும் ஒரு படி கீழே. கொரோனாவுக்காக மட்டும், ஆறாறு மாதமாக நீட்டித்து. 2022 கடைசி நாளோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நிறுத்தினார்கள். புத்தாண்டு அன்று சேலத்தில் நர்ஸ்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். செய்தியில் பார்த்தேன், சேனலை மாற்றினேன். 2020-இல் மாடியில் நின்று உங்களுக்காகக் கைதட்டியவளும் நான்தான்.

ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒரு வருஷக் கோர்ஸ் பிள்ளைகள் மீதான கோபம். நான் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் நடக்கிற இன்ஸ்டிடியூட்டில் நாற்பதாயிரம் கட்டியிருக்கிறாள். அந்தச் சான்றிதழை வைத்து சென்னை சாந்தோமில் இருக்கிற மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது என்பதே சேர்ந்த பிறகுதான் தெரியுமாம். அவள் உங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. உங்கள் இடத்தைப் பாதி விலைக்கு நடத்திக்கொள்ள அவளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஊசி போடும்போது ஏதாவது தவறு நடந்தால் முதலில் மாட்டுவதும் அவள்தான்.

சரி, இதற்குச் சட்டம் என்று ஒன்றும் இல்லையா? பாதி இருக்கிறது. தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு போடச் சொன்னது. குழுவும் கணக்காகச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். நூறுக்கு மேல் என்றால் பத்து சதவீதம் வரை குறையலாம், ஐம்பதுக்கு மேல் என்றால் இருபத்தைந்து சதவீதம் வரை. ஐம்பதுக்குக் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியிலும் 20,000-க்குக் கீழே கூடாது. உங்களுக்குச் சொன்ன 9,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேரளத்தில் நர்ஸ்கள் சங்கமாகச் சேர்ந்து வேலைநிறுத்தம், பேரணி என்று இறங்கி, 2018-இல் 20,000 குறைந்தபட்சச் சம்பளத்தை அரசாணையாகவே வாங்கினார்கள். அங்கேயும் எல்லா ஆஸ்பத்திரியும் ஒழுங்காகக் கொடுக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுக்காதவனிடம் நீட்டிக் காட்ட ஒரு தாள் இருக்கிறது. பாலக்காட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அது வெறும் பரிந்துரை.

மாமியாரின் துணிக்கடை யோசனையை நான் கேலி செய்ய மாட்டேன். மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கு பார்க்கிறவருக்கு 12,000, 9,000-ஐவிடப் பெரியது. ஆனால் ஒரு விஷயம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் என்ற பட்டப்படிப்பு முதன்முதலில் 1946-இல் தொடங்கியது டெல்லியிலும் நம் வேலூரிலும்தான். அத்தனை காலம் கழித்து, அதே மாநிலத்தில், நான்கு வருஷம் உடற்கூறியலும் மருந்தியலும் படித்த பெண்ணிடம் சேலை மடிக்கப் போ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அந்த ஏஜென்ட். நான்கு லட்சம் கொடுக்காதீர்கள். ஓர் ஆளை வெளிநாட்டுக்கு அனுப்ப, உரிமம் பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். 2015-இல் குவைத்துக்கு நர்ஸ் எடுத்த கொச்சி நிறுவனம் ஒன்று, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. புள்ளி எங்கே விழுந்தது பாருங்கள். குவைத், சவுதி உட்பட 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் நர்ஸ்கள் போக வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்ததும் அதே வருஷம்தான். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978-இலிருந்து இருக்கிறது. முதலில் அங்கே பதிந்து வையுங்கள். ஏஜென்ட் யாராக இருந்தாலும் உரிம எண்ணை வாங்கி, மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் கேட்டதுமே குரல் மாறுகிற ஆள் என்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

கடன் வாங்கிப் போவதைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு. 2014-இல் இராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்ஸ்கள் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கலாம். கிட்டத்தட்ட எல்லோரும் கேரளத்தவர்கள், ஒருவர் தூத்துக்குடி. குண்டு விழுகிற ஊரிலிருந்து கிளம்புவதற்கே அவர்களில் சிலர் தயங்கினார்கள். சம்பள பாக்கி வரவில்லை, ஊரில் கடன் அப்படியே இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குப் போரைவிட அந்தக் கடன்தான் பெரிதாகத் தெரிந்தது.

கேப் பற்றி எனக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. அதனால் சிஸ்டரிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். கவுன்சில் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறைய. கொரோனா டூட்டிக்கான அனுபவச் சான்றிதழை இன்னும் வாங்கவில்லை என்றால், அந்த ஆஸ்பத்திரி அலுவலகத்தில் உட்கார்ந்தாவது வாங்கிவிட வேண்டும். இரண்டரை வருஷம், அதுவும் கொரோனா வார்டு, அதைச் சின்னதாக நினைக்காதீர்கள் என்றார். வேலை தேடும்போது என்.ஏ.பி.எச். தரச்சான்று வாங்கிய அல்லது வாங்கத் தயாராகிற ஆஸ்பத்திரியாகப் பார்க்கச் சொன்னார். அங்கே பதிவு பெற்ற நர்ஸ்களைக் காட்டியே ஆக வேண்டும் என்பதால், கேப் பற்றிய கேள்வி கொஞ்சம் மெதுவாகத்தான் வருமாம். ஒரிஜினலை எந்தக் காரணத்துக்கும் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு ஒரிஜினலைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார். அவருடையது முதல் வேலையில் மூன்று வருஷம் ஒரு பீரோவுக்குள் கிடந்ததாம். நடுவில் தங்கை கல்யாணத்துக்கு லீவு தரவில்லை, வேலையை விடவும் முடியவில்லை.

இவ்வளவும் அவர் நின்றுகொண்டே சொன்னார். நடுவில் இரண்டு முறை மணி அடித்தது, போய்விட்டு வந்தார். ஒரு முறை திரும்பி வரும்போது கையில் சிறுநீர்ப் பை இருந்தது. அதன் அளவைக் குறித்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

எக்ஸ்ரே வந்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள். நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்து, “அந்த ஒட்டன்சத்திரத்துப் பொண்ணு எந்த காலேஜ், எந்த பேட்ச்னு கேளுங்கக்கா” என்றார். எங்கள் ஊரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் பகல் ஷிப்டுக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம். சம்பளம் 20,000 இல்லை, ஆனால் ஒரிஜினல் கேட்க மாட்டார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு திருச்சிக்கு வருவது உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரியவில்லை. பேட்ச் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன். அவருக்கு இந்த வாரம் முழுக்க நைட் டூட்டி. மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் போன் எடுப்பார்.