மாறுவேடத்துக்காக முகத்தில் கறுப்பு பூசுவது ஏன் இழிவாகக் கருதப்படுகிறது?

வெள்ளையர் ஒருவர் கறுப்பினத்தவரைப் போலத் தோன்றுவதற்காக முகத்தில் கரிய சாயம் பூசிக்கொள்வதை 'பிளாக்ஃபேஸ்' என்கிறார்கள். அமெரிக்காவில் அது அவமதிப்பாகக் கொள்ளப்படுவதற்கான காரணம் அதன் மேடை வரலாற்றில் இருக்கிறது.

1830களில் தாமஸ் டார்ட்மத் ரைஸ் என்ற வெள்ளை நடிகர், எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, 'ஜிம் குரோ' என்ற கறுப்பினப் பாத்திரமாக ஆடிப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். அவ்வழியில் வந்த 'மின்ஸ்ட்ரல்' என்ற ஆடல் பாடல் நகைச்சுவைக் குழுக்கள், உதடுகளைப் பெரிதாக வரைந்து, கறுப்பினத்தவரைச் சோம்பேறிகளாகவும் அறிவிலிகளாகவும் காட்டிச் சிரிக்க வைத்தன. அடிமை முறை நடப்பில் இருந்த அக்காலத்தில், அந்த மக்களோடு பழகியறியாத ரசிகர்கள் பலர் அதையே உண்மை என்று நம்பினார்கள். பின்னாளில் இனப் பிரிவினைச் சட்டங்களுக்கே ஜிம் குரோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பர்ட் வில்லியம்ஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்களும்கூட மேடையேறுவதற்காகத் தம் முகத்தில் கரி பூச நேர்ந்ததுதான் இதில் பெருங்கொடுமை.

ஒரு குடும்பத்தைத் தலைமுறைகளாக இழிவுபடுத்திய பட்டப்பெயரை, ஊருக்குப் புதிதாக வந்தவர் விளையாட்டாகச் சொன்னாலும் அந்த வீட்டாருக்குச் சுடத்தானே செய்யும்? மாறுவேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகை விருந்தில் பூசப்படும் சாயமும் அவ்வகையே; பூசியவரின் எண்ணம் நல்லதாக இருந்தால் அவரை மன்னிக்கலாம், ஆனால் பார்ப்பவரின் நினைவை அது அழித்துவிடாது.

இதனால் வேற்றினத்தவரின் வேடமே போடக்கூடாது என்று பொருள்கொள்வது தவறு: தனக்குப் பிடித்த கறுப்பின விளையாட்டு வீரரின் சீருடையை அணிந்து ஒரு குழந்தை தாராளமாக விருந்துக்குப் போகலாம், தோலின் நிறத்தை மாற்றவேண்டிய தேவை அங்கே எழுவதே இல்லை.