வாசகர் கேள்வி – பதில்: குழு சொன்னால் அரசு கேட்டே ஆக வேண்டுமா?

(சுகாதாரத் துறை ஆலோசனைக் குழுக்களுக்குக் குறிப்பெழுதி ஓய்வுபெற்ற அலுவலர் பதில் தருகிறார்.)

நிபுணர் குழுவின் பரிந்துரையை அரசு ஏற்றே தீர வேண்டுமா? இல்லையென்றால் குழு எதற்கு? – பள்ளி ஆசிரியை

பெரும்பாலும் கட்டாயம் இல்லை. கலந்தாலோசிக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடும். பிரிட்டனின் 1971 போதைப்பொருள் சட்டம் அப்படித்தான். கஞ்சாவைத் தண்டனை குறைந்த ‘சி’ பிரிவிலேயே விட்டுவையுங்கள் என்றது ஆலோசனைக் கவுன்சில். அரசு 2009 ஜனவரியில் ‘பி’ பிரிவுக்கு ஏற்றியது. கவுன்சிலின் தலைவர் டேவிட் நட் அதை வெளிப்படையாகக் குறை சொல்ல, அக்டோபரில் அவர் பதவி போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அதே 2009-ல் இங்கிலாந்தில் நேரெதிரான விதி ஒன்றும் வந்தது. அமைச்சர் கேட்டு, தடுப்பூசிக் குழு ஒரு தேசியத் திட்டத்தைப் பரிந்துரைத்து, செலவுக்கேற்ற பலன் உண்டு என்றும் காட்டிவிட்டால், அமைச்சர் அதை நிறைவேற்றியாக வேண்டும்.

எல்லாக் குழுவுக்கும் இந்த அதிகாரம் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நாளை மக்கள் முன்னால் நின்று பதில் சொல்லப்போவது அமைச்சர்தான், பேராசிரியர் அல்ல. ஆனால் பரிந்துரையைத் தள்ளினால், ஏன் தள்ளினோம் என்று எழுத்தில் வைக்க வேண்டும். அதற்குத்தான் பலருக்கும் கை வராது.

நம் நாட்டில் 2016-ல் தடை செய்த கூட்டு மருந்துகளை 2018-ல் மறுபடி தடை செய்தார்களே, ஏன்? – மருந்தாளுநர்

யாரைக் கேட்பது என்ற தகராறு. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளை, அதாவது ஒரே மாத்திரையிலோ சிரப்பிலோ ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் கலந்தவற்றை, தடை செய்தது. யாரையும் கேட்காமல் செய்யவில்லை. தனியாக ஒரு நிபுணர் குழுவை வைத்துத்தான் செய்தது. ஆனால் 1940 மருந்துச் சட்டப்படி அமைந்த மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் ஏற்கெனவே இருக்கிறதே, அதை ஏன் கேட்கவில்லை என்று கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அந்த டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது.

2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் சுவாரசியம். இந்தத் தடைக்கு வாரியத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; ஆனாலும் இந்த மருந்துகளை வாரியமே ஒருமுறை பார்க்கட்டும் என்றது. வாரியம் பார்த்தது. 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்குத் தடை வந்தது. முதல் பட்டியலில் பெரும்பகுதி அப்படியே நின்றது, இரண்டரை வருஷம் கழித்து.

ஒரே கேள்விக்கு இரண்டு நிபுணர் தரப்பும் வேறு வேறு பதில் சொன்னால் யாரை நம்புவது? – மருத்துவ மாணவர்

முதலில் கேள்வி ஒன்றுதானா என்று பாருங்கள். 2021 செப்டம்பர் 3 அன்று பிரிட்டனின் தடுப்பூசிக் குழு, ஆரோக்கியமான 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கோவிட் தடுப்பூசி போடப் பரிந்துரைக்கவில்லை. நன்மை சற்றுக் கூடுதல்தான், ஆனால் வித்தியாசம் மிகக் குறைவு என்றது. பத்து நாள் கழித்து பிரிட்டனின் நான்கு பகுதிகளின் தலைமை மருத்துவ அதிகாரிகளும் ஒரு டோஸ் போடலாம் என்றார்கள். உடனே சண்டை என்று செய்தி.

சண்டை இல்லை. குழு எடைபோட்டது பிள்ளையின் உடல்நலத்தை மட்டும். பள்ளிப் படிப்பு தடைபடுவது எங்கள் வரம்பில் இல்லை, வேண்டுமானால் தலைமை மருத்துவ அதிகாரிகளைக் கேளுங்கள் என்று அதுவே சொல்லியிருந்தது. அவர்கள் படிப்பையும் சேர்த்து எடைபோட்டார்கள்.

என் அனுபவத்தில் பாதி முடிவு கேள்வியிலேயே இருக்கிறது. கூட்டத்துக்கு முன் அமைச்சகத்திலிருந்து நிகழ்ச்சி நிரல் என் மேஜைக்கு வரும். ‘இந்தப் பரிசோதனையைத் தொடங்க வேண்டுமா?’ என்று இருந்தால் அன்று விவாதம் நடக்கும். ‘எந்த மாவட்டங்களில் முதலில் தொடங்கலாம்?’ என்று இருந்தால் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது, கையெழுத்துக்குத்தான் கூட்டம். ஒருமுறை மூத்த உறுப்பினர் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ‘தொடங்கலாமா என்று எங்களை எப்போது கேட்டீர்கள்?’ என்றார். அறையில் பதில் சொல்ல ஆள் இல்லை. அவர் கேட்டதை அப்படியே குறிப்பில் ஏற்றினேன்.

மருந்துக் கம்பெனியோடு தொடர்புள்ளவர்களைக் குழுவில் சேர்க்கலாமா?

தொடர்பே இல்லாதவர்களை மட்டும் தேடினால், அந்தத் துறையை நன்றாக அறிந்தவர் பலரை இழப்போம். தொடர்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். அந்த மருந்து பேசப்படும்போது வெளியே போய் நிற்கட்டும். தலைவருக்கே தொடர்பு என்றால் வேறு தலைவர் பாருங்கள்.

அமெரிக்காவில் ஆலோசகர்கள் வேண்டாம் என்ற அல்சைமர் மருந்துக்கு அனுமதி கிடைத்ததாமே?

உண்மைதான். அடுகானுமாப். 2020 நவம்பரில் ஆலோசனைக் குழு கூடியபோது, பலன் நிரூபணமானதா என்ற முக்கியக் கேள்விக்கு ஒருவர்கூட ஆம் என்று வாக்களிக்கவில்லை. 2021 ஜூனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு துரித வழியில் அனுமதித்தது. உறுப்பினர்கள் மூவர் ராஜினாமா செய்தார்கள். 2024-ல் கம்பெனியே மருந்தைக் கைவிடுவதாக அறிவித்தது. இவ்வளவும் உங்களுக்கும் எனக்கும் தெரியக் காரணம், கூட்டமும் வாக்கும் பகிரங்கமாக நடந்ததுதான். மூடிய அறையில் நடந்திருந்தால் ‘நிபுணர்களைக் கலந்தாலோசித்து’ என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

வரைவுக் கொள்கைக்குப் பொதுமக்கள் கருத்து கேட்கிறார்களே, யாராவது படிக்கிறார்களா? – செவிலியர்

படிக்கிறோம், தாராளமாக எழுதுங்கள். ஒரே வாசகத்தில் கட்டுக்கட்டாக வரும் கடிதங்களை ஒரு வரியில் முடித்துவிடுவோம். ஆனால் ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்கார வைக்கச் சொல்கிறீர்களே, எங்கள் நிலையத்தில் இருப்பது ஒற்றை பெஞ்சு என்று ஒரு செவிலியர் எழுதியிருந்தார். பேராசிரியர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அன்று மதியம் முழுக்க அந்த பெஞ்சைப் பற்றித்தான் பேச்சு. எந்தப் பத்தி, என்ன சிக்கல், உங்கள் இடத்தில் என்ன நிலைமை, இந்த மூன்றும் இருந்தால் போதும். ஆவேசம் வேண்டாம்.

உங்களை எந்தக் குழுவிலாவது உறுப்பினராகப் போட்டார்களா?

இல்லை. குறிப்பெழுதுபவனுக்கு வாக்கு கிடையாது. அறிக்கையின் முதல் வரைவை மட்டும் அவன்தான் எழுதுவான்.