அரசியலமைப்பு ஆட்சியின் அடிப்படைக் கோட்பாடுகள் எவை?

தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், அதிகாரப் பிரிவினை, சட்டத்தின் ஆட்சி, அடிப்படை உரிமைகள் என்ற பட்டியல் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன்காரன். எனக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: சட்டம் போடுகிறவர்களின் கையைக் கட்டவும் ஒரு சட்டம் வேண்டும்.

எங்கள் ஆயா வீட்டார் டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் அந்த இடம் போய், ஆயா இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தார். அது நாடாளுமன்றத்தில் முறையாக நிறைவேறிய சட்டம். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது!

அன்றைக்கும் ஒரு பூட்டு இருக்கத்தான் செய்தது. கேப் மாகாணத்துக் கலர்டு (கலப்பின) மக்களின் வாக்குரிமையில் கைவைக்க, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தர வேண்டும். 1952இல் நீதிமன்றம் இதைக் காட்டி அரசைத் தடுத்தது. அரசு சும்மா இருக்குமா? 1955இல் மேலவையான செனட்டை 48 பேரிலிருந்து 89 ஆக்கித் தன் ஆட்களைப் போட்டு நிரப்பியது. 1956இல் நினைத்ததை முடித்துக்கொண்டது.

பட்ட பாடு 1996 அரசியலமைப்பில் தெரிகிறது. அதற்கு முரணான சட்டமோ செயலோ செல்லாது என்கிறது 2ஆம் பிரிவு. மனித மாண்பு, சமத்துவம், இனபேதமின்மை எல்லாம் உள்ள முதல் பிரிவைத் திருத்த, தேசியப் பேரவையில் 75 சதவீதமும் ஒன்பது மாகாணங்களில் ஆறும் வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த சபை எழுதிய வரைவையே, முன்பே ஒப்புக்கொண்ட 34 கோட்பாடுகளுக்கு முழுதாகப் பொருந்தவில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமுறை திருப்பி அனுப்பியது. திருத்தி எழுதிய பிறகுதான் மண்டேலா கையெழுத்துப் போட்டார்.

சரி, இதனால் சாதாரண ஆளுக்கு என்ன? டர்பனில் ஒரு பள்ளி, தமிழ்ப் பெண் ஒருத்தி மூக்குத்தி போட்டு வரக்கூடாது என்றது. பெரியவளானதும் மூக்குக் குத்துவதும், பதினாறு வயதில் பாட்டி வைர மூக்குத்தி போடுவதும் எங்கள் குடும்ப வழக்கம் என்றார் தாய். 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பெண் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மதம் கட்டாயப்படுத்தாமல், தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. அதற்குள் அவள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள், அது வேறு கதை.

எப்போதும் இப்படி முடிவதில்லை. 1997இல் சிறுநீரகம் பழுதான டர்பன்காரர் ஒருவர், அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டு அதே நீதிமன்றத்துக்குப் போனார். மருத்துவ உரிமை அரசிடம் உள்ள பணத்தையும் வசதியையும் பொறுத்தது, இருப்பதை யாருக்கு ஒதுக்குவது என்று நேர்மையாக எடுத்த முடிவில் நாங்கள் எளிதில் தலையிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் அதிகாரப் பிரிவினைதான். பட்ஜெட் போடுவது நீதிபதிகளின் வேலையல்ல. சட்டப்படி பார்த்தால் புரிகிறது. ஆனால் தீர்ப்பு வந்த சில நாட்களில் அவர் இறந்துபோனார். எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை.