பால் விட்ட டீயும் கார்த்திகை மாசமும்

கேள்வி: சார், நான் காலேஜ்ல சமூகப்பணி படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக ஒரு கடைமடை (வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற) கிராமத்துல 60 வீட்டுக்குப் போய், போன 7 நாள்ல எதெத எத்தன நாள் சாப்பிட்டீங்கன்னு கேட்டு மார்க் போட்டேன். பொங்கல் லீவுலதான் போக முடிஞ்சிச்சு. முக்காவாசி வீடு 42க்கு மேல வந்துடுச்சு, அதாவது 'பரவாயில்ல' லிஸ்ட்ல. ஆனா அந்த வீடுகள கண்ணால பாத்த எனக்கு மனசு ஒப்பல. எங்க தப்பு?
- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: மொதல்ல நான் ஒண்ணு கேக்கறேன்மா, டீயில ஊத்துற பால எந்தக் கட்டத்துல போட்டீங்க? 'பால், 7 நாள்'னு போட்டிருந்தா வென அங்கதான் இருக்கு. நீங்க எடுத்த முறை உலக உணவுத் திட்டத்தோடது, அதுல ஒரு நாளுக்கு அரிசிக்கு 2, பருப்புக்கு 3, காய்க்கு 1, பழத்துக்கு 1, மீன் கறி முட்டைக்கு 4, பாலுக்கும் 4, சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் அரை அரை. இப்ப கூட்டுங்க. தெனம் சோறு 14, எண்ணெய் மூணரை, சர்க்கரை மூணரை, ஆக 21. டீப்பாலுக்கு ஏழு நாலு 28 சேத்தா 49. வாரம் பூரா ஒரு காய் இல்ல, பருப்பு இல்ல, மீன் வாசனையே இல்ல, சோறும் புளித்தண்ணியும் டீயும்தான், ஆனா மார்க்கு 49! அதே வீட்ட டீப்பால் இல்லாம போட்டா 21, 28க்குக் கீழ, மோசம்ங்கிற லிஸ்ட். டீயில ரெண்டு கரண்டி பால் விடுறதெல்லாம் உப்பு மொளகா மாதிரி சேர்மானம், பால் கணக்குல சேக்கக் கூடாதுன்னு அந்த முறையிலயே சொல்லிருக்கு. ஒரு துண்டு கருவாட்ட நாலு பேரு பிச்சுத் தொட்டுக்கிட்டா அதுவும் மீன் கணக்கு இல்ல. வெக்கப்படாதீங்க, இதே தப்ப நான் ஒரு கிராமம் முழுசுக்கும் பண்ணிட்டு, பெருமையா ரிப்போர்ட் வேற குடுத்திருக்கேன்.

அடுத்தது நீங்க போன மாசம். தையில டெல்டாவுல போய் சாப்பாடு எப்படின்னு கேட்டா என்ன பதில் வரும்? அறுப்பு நடக்குது, மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போவுது, கையில காசு பொழங்குது, பொங்கலுக்குப் பிள்ளைங்க திருப்பூர்லேர்ந்து வந்திருக்கும். கஷ்டம் ஐப்பசி கார்த்திகைல. சம்பா நடவு முடிஞ்சிரும், கள எடுப்பு கொஞ்ச நாள் இருக்கும், அப்பறம் அடமழ. வயல்லயும் வேல இல்ல, கொத்தனார் வேலயும் நின்னுரும். தீபாவளிக்கு வாங்குன கடன் தலைக்கு மேல நிக்கும், லோன்காரன் மட்டும் மழையிலயும் வாரா வாரம் வந்து நிப்பான். சித்திர வைகாசியிலயும் வயல் காஞ்சுதான் கெடக்கு, ஆனா அப்ப வெளியூர் வேலைக்குப் போகலாம், அரசாங்க ஊரக வேலைத் திட்டத்துலயும் வேல கெடைக்கும். அதனால ரெண்டு தடவ போங்க, தையில ஒண்ணு, கார்த்திகைல ஒண்ணு, ஒரே வீட்டுக்கு. ரெண்டாவது தடவ முடியாதுன்னா 'நவம்பர்ல என்ன சாப்பிட்டீங்க'ன்னு கேக்காதீங்க, யாருக்கும் ஞாபகம் வராது. திருக்கார்த்திகை அன்னிக்கு வீட்ல என்ன கொழம்புன்னு கேளுங்க, தீபாவளிக்கு அடகு வெச்ச கம்மல எப்ப திருப்புனீங்கன்னு கேளுங்க, கடகடன்னு வரும்.

இன்னொன்னு, எனக்குத் தெரிஞ்சு எந்த ஃபாரத்தயும் விட உண்மை சொல்றது ஊர் மளிகைக் கடை கடன் நோட்டுதான். ஒரு தடவ வேதாரண்யம் பக்கம் மழைக்கு ஒரு கடையில ஒதுங்கினப்ப கடைக்காரர் நோட்ட வெச்சு கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரே வீடு, தை மாசப் பக்கத்துல து.பருப்பு அரைக் கிலோ, நல்லெண்ண, முட்ட 6ன்னு இருக்கு. கார்த்திகைப் பக்கத்துல தெனம் ஒரு வரி, புளி 5 ரூபா, எண்ணெ பாக்கெட் 10 ரூபா, டீத்தூள் 5 ரூபா, அவ்ளோதான், பருப்புங்கிற எழுத்தே அந்தப் பக்கத்துல இல்ல. பேர மறைச்சுக் காட்டுங்கன்னு கேட்டா சில பேரு காட்டுவாங்க, அந்த வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம மட்டும் பாக்காதீங்க.

பசிச்சிச்சான்னு கேட்டா நம்ம ஊர்ல யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க, மானம் இருக்குல்ல. வெல கம்மியானத வாங்குனீங்களா, கைமாத்தா அரிசி வாங்குனீங்களா, அளவ கொறச்சீங்களா, ஒரு வேளைய விட்டீங்களா, பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு பெரியவங்க கொறச்சுக்கிட்டீங்களான்னு தனித்தனியா கேளுங்க. இதுக்கும் ஒரு கணக்கு முறை இருக்கு, அதுல கைமாத்துக்கு 2, மத்ததுக்கு 1, ஆனா பெரியவங்க கொறச்சுக்கிறதுக்கு 3. இதுல மார்க் ஏறுனா கஷ்டம் ஜாஸ்தின்னு அர்த்தம். இந்தக் கேள்விய வீட்டு அம்மாகிட்ட தனியா கேளுங்க, புருஷன் பக்கத்துல இருந்தா 'அதெல்லாம் இல்லப்பா'ன்னு அவரே பதில் சொல்லிருவாரு, ஏன்னா அவருக்கே தெரியாது.

கேள்வி: ரேஷன்ல அரிசி சும்மா கெடைக்குது. நெற்களஞ்சியத்துல உக்காந்துக்கிட்டு உணவுப் பஞ்சம்னு எழுதறது ஓவரா இல்லையா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: ரேஷன் அரிசி இல்லேன்னா 2016 இறுதில வடகிழக்கு மழ பொய்ச்சப்ப டெல்டாவுல என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாக்கவே முடியல, அத நான் கொறச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஆளுக்கு நாளைக்கு 350 கிராம்னு வெச்சாலும் 5 பேருக்கு மாசம் 52 கிலோ ஆவுது, கார்டுக்கு வர்றது 20, 25 கிலோ, ரொம்ப ஏழைங்களுக்கான அந்தியோதயா கார்டுன்னா 35. மிச்சம் கடையிலதான். முன்னாடி இந்த மிச்சம் வீட்லயே இருந்துச்சு சார், அறுப்புக் கூலிய நெல்லா அளந்தாங்க, குதிர்ல கொட்டி வெச்சா கார்த்திகை வரைக்கும் இழுக்கலாம். இப்ப பெல்ட் வெச்ச அறுப்பு மிஷின் ஒரு ஏக்கர ஒரு மணி ஒண்ணர மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிருது, கூலியும் இல்ல கூலி நெல்லும் இல்ல.

உளுந்தும் அப்படித்தான். சம்பா அறுக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி ஈரத்துல உளுந்து பயறு தெளிச்சு விடுவாங்க, பனி ஈரத்துலயே வந்துரும், பங்குனியில பறிக்கப் போனவங்களுக்குக் கூலியும் உளுந்தாவே கெடைக்கும். மிஷின் எறங்குனா மொளச்ச உளுந்து நசுங்கிருது, அதனால நெறய பேரு தெளிக்கறதயே விட்டுட்டாங்க. வயக்காட்டு நண்டு நத்தையும் முன்ன மாதிரி இல்ல, மருந்தடிச்சு அடிச்சு. ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குத் தர்றாங்க, நல்ல விஷயம், ஆனா கார்டுக்கு மாசம் ஒரு கிலோதானே. சோறு இருக்கு, தொட்டுக்கத்தான் ஒண்ணுமில்ல.

கேள்வி: நான் 3 மா சொந்தம், 9 மா குத்தகை. சர்வேக்கு வர்றவங்க என்ன 4 ஏக்கர் விவசாயின்னு எழுதிட்டுப் போறாங்க. சரியா?
- தலைஞாயிறு பக்கத்து விவசாயி

பதில்: தப்புங்க. மூணு மா ஒரு ஏக்கர், அப்ப நீங்க 1 ஏக்கர் விவசாயி, மிச்ச 3 ஏக்கர் உங்களுக்கு செலவுக் கணக்கு. வாய்வார்த்தை குத்தகைன்னா சிட்டா, அதாவது நெலம் யாருதுன்னு சொல்ற அரசாங்கப் பதிவு, ஒருத்தர் பேர்ல, ஒழைப்பு ஒங்களுது, நிவாரணம் வந்தா சிட்டா இருக்கற வீட்டுக்குத்தான் போவும். 2023ல ஜூன் 12ந்தேதி மேட்டூரத் தொறந்து அக்டோபர் 10ந்தேதியே மூடினாங்களே, சம்பா அப்ப இளம் பயிரு, கடைமடைக்காரங்க வானத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க. சொந்த நெலம் வெச்சிருக்கறவர் அந்த வருஷம் லாபத்த விட்டாரு, குத்தகைக்காரர் வெளைஞ்சாலும் வெளையலேன்னாலும் அளக்க வேண்டியத அளந்தாரு. அடுத்த தடவ யாராவது ஃபாரத்தோட வந்தா சொந்தம் எவ்ளோ, குத்தகை எவ்ளோ, குத்தகை நெல்லு எத்தன மூட்டைன்னு மூணையும் நீங்களே சொல்லி தனித்தனியா எழுதச் சொல்லுங்க. கட்டம் இல்லேன்னு சொன்னா ஓரத்துலயாவது எழுதிட்டுப் போகட்டும்.