1/35 ஜிம்மி லாரி: மட்கார்டுல இருந்து தார்ப்பாய் வரைக்கும், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில்

ஜிஎம்சி லாரி மாடல் முடிச்சு படம் காட்டுனதுல இருந்து கேள்வியா வந்துட்டே இருக்கு, தனித்தனியா பதில் சொல்லி மாளல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடறேன். புதுசா வர்றவங்களுக்கு: இது ஜிஎம்சி சிசிகேடபிள்யூ 353, ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்தோட ரெண்டரை டன் லாரி, ஆறு சக்கரத்துக்கும் பவர் போகும், 1941ல இருந்து 45க்குள்ள அஞ்சரை லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளிருக்காங்க. சிப்பாய்ங்க வச்ச செல்லப்பேரு ஜிம்மி. நான் கட்டுனது டாமியா கம்பெனியோட 1/35 கிட், அதாவது நிஜ லாரியை 35ல ஒரு பங்கா சுருக்கின பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டற செட். 1944ல பிரான்ஸ்ல படைக்கு சரக்கு கொண்டு போன ரெட் பால் எக்ஸ்பிரஸ்ங்கற லாரி வரிசைல ஓடின வண்டியா பண்ணிருக்கேன்.

கே: அண்ணே, நான் இப்பதான் ஆரம்பிக்கறேன். கிட்டை அப்படியே ஒட்டிட்டு ஒரே ஒரு வேலை மட்டும் கூடுதலா பண்ணலாம்னா எதைப் பண்ணட்டும்?

ப: மட்கார்டு விளிம்பு தம்பி, யோசிக்கவே வேணாம். கணக்கு போட்டுப் பாருங்க, கிட்ல மட்கார்டு ஓரம் 1 மில்லிமீட்டர் இருந்தா நிஜத்துல அது 35 மில்லிமீட்டர், அதாவது ஒண்ணரை இஞ்சுக்கு கொஞ்சம் கம்மி, அது லாரி மட்கார்டு இல்ல பீரங்கி வண்டி கவசம். கண்ணுக்கு காரணம் தெரியாது, ஆனா "பொம்மை"ன்னு தோணிடும். உள்பக்கமா பிளேடை சாய்ச்சுப் பிடிச்சு சுரண்டுங்க, அப்புறம் 400 நம்பர் எமரி தாள், 600 நம்பர் எமரி தாள், வெளிச்சத்துல பிடிச்சா பிளாஸ்டிக் வழியா லேசா வெளிச்சம் தெரியற வரைக்கும். முழுசா மெலிசாக்க வேணாம், ஓரத்துல ஒரு ரெண்டு மில்லி அகலத்துக்கு மெலிசா இருந்தா மொத்தமும் தகடுன்னு கண்ணு நம்பிடும். பின்கதவு ஓரம், படிக்கட்டு ஓரம் எல்லாத்துக்கும் இதேதான். அப்புறம் மூக்கு நீண்ட குறடால ஒரு ஓரத்தை லேசா வளைச்சு விடுங்க, எங்கயோ மரத்துல இடிச்ச மாதிரி. ஒரு இடம் போதும், எல்லா ஓரத்தையும் வளைச்சா டிரைவர் குடிகாரன்னு அர்த்தம்.

கே: சார், பிரேக் பைப், ஒயரிங்குக்கு என்ன கம்பி யூஸ் பண்றீங்க? வெளிநாட்டு செட் எல்லாம் விலை கட்டுப்படி ஆகல.

ப: காசே வேணாம் சார். மோட்டார் காயில் கட்டுற கடைக்குப் போய் கழிச்சுப் போட்ட கம்பி கேளுங்க, ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுப்பாங்க, 0.2 மில்லில இருந்து 1 மில்லி வரைக்கும் எல்லா சைஸும் கிடைக்கும். இன்னும் மெலிசா வேணும்னா பழைய சார்ஜர் ஒயரை உரிங்க. கணக்கு ஒண்ணுதான், நிஜ அளவை 35ஆல வகுக்கணும், 6 மில்லி பிரேக் பைப்புன்னா 0.17 வருது, அதனால 0.2 கம்பி சரியா இருக்கும். நிறைய பேர் அரை மில்லி கம்பி போட்டுட்டு "டீட்டெய்ல் பண்ணிட்டேன்"னு சொல்றாங்க, அது நிஜத்துல பதினேழரை மில்லி, தோட்டத்துக்கு தண்ணி பாய்ச்சற ஓஸ் பைப் கணக்கா இருக்கும்.

இஞ்சினுக்கு: ஆறு சிலிண்டர், அதனால பிளக் ஒயர் ஆறு, நடுவுல காயிலுக்குப் போற ஒயர் ஒண்ணு, மொத்தம் ஏழு. ஏழும் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தை பிரிச்சு அனுப்பறது) மூடில இருந்து கிளம்பணும். ஒண்ணு சொல்றேன், பானெட்டை மூடி ஒட்டப் போறீங்கன்னா இதை விட்டுடுங்க, நான் மூணு நாள் ஒயரிங் பண்ணி கடைசில பானெட்டை மூடி ஒட்டினவன்.

கே: அண்ணா, தார்ப்பாய் உங்களோடது நிஜத் துணி மாதிரி தொங்குது, எப்படி? நான் ஃபேஸ் டிஷ்யூ வச்சுப் பண்ணேன், சோறு வடிச்ச துணி மாதிரி ஆயிடுச்சு.

ப: ஃபேஸ் டிஷ்யூல புள்ளி புள்ளியா அச்சு இருக்கும் மா, அதோட பஞ்சு மாதிரி பிரியும். புது செருப்பு டப்பாக்குள்ள, சட்டை மடிப்புக்குள்ள வச்சிருப்பாங்களே சரசரன்னு மெலிசான தாள், அதுதான் வேணும்.

முதல்ல தார்ப்பாய் தாங்கற வளைவுக் கம்பிங்களை காயில் கம்பிலயே வளைச்சுக்குங்க. தாளை காய்ஞ்சபடியே மேல போட்டு நாலு பக்கமும் அளவா வெட்டணும், ஓரத்தை ஒரு மில்லி உள்ள மடிச்சு தையல் ஓரம் மாதிரி ஒட்டிடுங்க, இந்த மடிப்பை விட்டுட்டா எவ்வளவு பண்ணாலும் தாள்னு காட்டிக்கொடுத்துடும். அப்புறம் ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு, மெத்துன்னு இருக்கற பிரஷ்ல நடுவுல இருந்து ஓரத்துக்கு நனைச்சுட்டே வாங்க. நனைஞ்சதும் தாள் தானாவே ரெண்டு கம்பிக்கு நடுவுல தொய்யும், அந்த நேரத்துல கையை வச்சுட்டு சும்மா இருக்கணும், அதுதான் கஷ்டம். சுருக்கம் எங்க வரணும்னா கயிறு இழுக்கற இடத்துல இருந்து விசிறி மாதிரி மேல போகணும், அதனால பாதி காய்ஞ்சப்போ பல்குத்தும் குச்சி வச்சு ஒவ்வொரு கயிறு முடிச்சுல இருந்தும் ரெண்டு மூணு கோடு லேசா இழுத்து விடுங்க. கயிறுக்கு தையல் நூலை ஃபெவிகால் தடவின விரலுக்கு நடுவுல ஒரு இழு இழுத்துடணும், இல்லன்னா நூல்ல இருக்கற முடி எல்லாம் பெரிசா தெரியும், 1/35ல அந்த முடி ஒவ்வொண்ணும் ஒரு சுண்டுவிரல் நீளம்.

பெயிண்ட்ல லாரியோட கலரையே தார்ப்பாய்க்கும் அடிச்சிடாதீங்க. துணி வேற, தகடு வேற, வெயில்ல ரெண்டும் ஒரே மாதிரி வெளுக்காது. நான் கொஞ்சம் மஞ்சள் கூட்டி அடிச்சேன், மேல் பக்கம் இன்னும் வெளுப்பா, தொய்ஞ்ச குழில மட்டும் மழைத்தண்ணி தேங்கிக் காய்ஞ்ச வளையம் ஒண்ணு ரெண்டு.

கே: தலைவா, துரு எஃபெக்ட் ரெண்டு வாரம் உக்காந்து பண்ணேன், பார்த்தவன் காயலான் கடை லாரியான்னு கேக்கறான். எங்க தப்பு?

ப: பார்த்தவர் சரியாத்தான் சொல்லிருக்கார், கோச்சுக்காதீங்க. இந்த லாரிக்கு 1944ல வயசு என்ன? ஒரு வருஷம், மிஞ்சிப் போனா மூணு வருஷம். அதுக்குள்ள கதவு ஓட்டை விழற அளவுக்கு துரு எங்க இருந்து வரும்? துருன்னா சைலன்சர், புகைக்குழாய், அப்புறம் பெயிண்ட் தேய்ஞ்ச இடத்துல ஒரு பொடி அளவு, அவ்வளவுதான்.

துருவை விடுங்க, அந்த லாரி என்ன வேலை பார்த்துச்சுன்னு கேளுங்க. ரெட் பால் எக்ஸ்பிரஸ் 1944 ஆகஸ்ட் 25ல இருந்து நவம்பர் 16 வரைக்கும் ஓடுச்சு. நார்மண்டி கரைல இறங்கின பெட்ரோலையும் குண்டையும் முன்னாடி போய்ட்டிருந்த படைக்கு கொண்டு சேர்க்கணும், ரயில் பாதை எல்லாம் நேச நாட்டு விமானங்களே குண்டு போட்டு உடைச்சு வச்சிருந்தது, அதனால லாரிதான் கதி. உச்சத்துல கிட்டத்தட்ட 6,000 வண்டி, ஒரு நாளைக்கு 12,500 டன் வரைக்கும். டிரைவர்கள்ல முக்கால்வாசிப் பேர் கறுப்பின சிப்பாய்ங்க. மணிக்கு 25 மைலுக்கு மேல போகக்கூடாதுன்னு ஆர்டர், ஆனா வேகக் கட்டுப்பாட்டுக் கருவியக் கழட்டிட்டு பறந்திருக்காங்க, ரெண்டரை டன் வண்டில அதைவிட ஜாஸ்தியா லோடும் ஏத்திருக்காங்க.

இப்ப மாடலைப் பாருங்க. ஓவர் லோடு, அப்ப பின்னாடி ஸ்பிரிங் பட்டை தட்டையா படுத்திருக்கணும், நான் அச்சு உக்கார்ற இடத்துல ஒண்ணரை மில்லி தேய்ச்சு இறக்கிட்டேன். டயர் அடிப்பக்கத்தை எமரில ஒரு ஓட்டு ஓட்டி தட்டையாக்கினேன், வழவழன்னு உருண்டையா நின்னா வெறும் வண்டி மாதிரி தெரியும். ராப்பகலா ஓட்டம், அப்ப முழுக்க தூசி. டிரைவர் ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கற படில பெயிண்ட் போய் தகடு பளபளன்னு, கதவு மேல் ஓரத்துல கை பட்டு கறுப்பா, பெட்ரோல் ஊத்தற வாய்க்கு கீழ வழிஞ்ச கறை. லோடு தளத்துல கீறல் எல்லாம் நீளவாக்குல மட்டும், ஏன்னா பெட்டியை பின்னாடி இருந்துதான் தள்ளுவாங்க இழுப்பாங்க, குறுக்க யாரும் இழுக்க மாட்டாங்க.

சந்தேகம் வந்தா நாமக்கல் பக்கம் இருந்தீங்கன்னா ஒரு நாள் சாயங்காலம் லாரி நிக்கற இடத்துல போய் நின்னு பாருங்க, தூசி எங்க தங்குது எங்க தங்கல, கிரீஸ் எங்க ஒழுகிருக்குன்னு, எந்த புத்தகமும் இவ்வளவு சொல்லித்தராது. தூசி கலரை மட்டும் அங்க இருந்து எடுக்காதீங்க, செம்மண் கலர் வந்துடும், வடக்கு பிரான்ஸ் ரோட்டுக்கு வெளிறின பழுப்பு. கலர் சாக்பீஸை எமரில தேய்ச்சு பொடியாக்கி கலந்தாலே போதும்.

கே: அண்ணை, இஞ்ச யாழ்ப்பாணத்தில ஏர்பிரஷ் (காத்தால பெயிண்ட் விசிறுற கருவி) எடுக்கிறது கஷ்டம். தூரிகையால அடிச்சா சரிவருமோ?

ப: தாராளமா சரிவரும் தம்பி. பெயிண்டைத் தண்ணியாக்கி மூணு நாலு தடவை மெல்லிசா அடிங்க, ஒவ்வொரு தடவையும் முழுசாக் காயணும். ராணுவ லாரிக்கு இது ஒரு வகைல வசதி கூட, லேசா திட்டுத்திட்டா வந்தாலும் வெயில்ல வெளுத்த மாதிரிதான் தெரியும். ஆலிவ் டிராப்ல, அதாவது அமெரிக்க ராணுவ வண்டியோட பழுப்புப் பச்சைல, கொஞ்சம் வெளிர் மஞ்சள் கலந்துக்குங்க, டப்பால இருக்கறபடியே அடிச்சா சின்ன மாடல்ல ரொம்ப இருட்டா தெரியும்.

கே: ஆயில் வாஷ் (இடுக்குல அழுக்கு மாதிரி தங்க, தின்னர்ல தண்ணியா கரைச்ச ஆயில் பெயிண்ட்) பண்ணதும் என் லாரி சக்கரம் கழண்டு விழுந்துடுச்சு சார், கம் சரியில்லையா?

ப: கம் இல்ல, தின்னர். எனக்கும் நடந்துச்சு, அழுத கதை. மூணு மாசம் கட்டினது, அடிப்பக்கம் கறுப்பு வாஷை தாராளமா ஊத்திட்டு தூங்கப் போயிட்டேன், காலைல பார்த்தா பின்னாடி ரெண்டு அச்சும் தனியா கிடக்குது, ஸ்பிரிங் பட்டை மூணு துண்டு. பிளாஸ்டிக் எங்க எல்லாம் இழுத்துப் பிடிச்சு ஒட்டிருக்கோமோ அங்க தின்னர் இறங்கினா விரிசல் விட்டுடும். அடிப்பக்கம் பெயிண்ட் அடிக்காத பிளாஸ்டிக் ஒரு பொட்டு கூட இருக்கக்கூடாது, முதல்ல வார்னிஷ், அப்புறம்தான் வாஷ், அதுவும் பிரஷ் நுனில கொஞ்சமா, குட்டை மாதிரி தேங்க விடாம. பார்ட்டை வளைச்சு அழுத்தி ஒட்டற பழக்கத்தையும் விடுங்க.

கே: மேட் (பளபளப்பு இல்லாத) வார்னிஷ் அடிச்சதும் வெள்ளையா பனி மூடின மாதிரி ஆகுது. சென்னை.

ப: ஊர் பேரை சொன்னதுமே பதில் வந்துடுச்சு. காத்துல ஈரம். மழை நாள்ல ஸ்ப்ரே பண்ணாதீங்க, காத்துல ஈரம் கம்மியா இருக்கற நாளா பாத்து மெல்லிசா அடிங்க. ஏற்கனவே வெளுத்தது சில சமயம் வெயில் நாள்ல பளபள வார்னிஷ் ஒரு கோட் அடிச்சா தெளியும், உடனே சுரண்ட வேணாம்.

கே: அமெரிக்க ராணுவ வண்டில வர்ற வெள்ளை நட்சத்திரம், நம்பர் எல்லாம் எது எங்க ஒட்டறது? கிட்ல நாலஞ்சு வண்டிக்கு டெக்கால் (தண்ணில நனைச்சு ஒட்டற மெலிசான ஸ்டிக்கர்) இருக்கு.

ப: ஒரே வண்டியோடதை மட்டும் எடுங்க, கலக்காதீங்க. பானெட் பக்கவாட்டுல யூ எஸ் ஏன்னு போட்டு ஒரு நம்பர் வரும், ரெண்டரை டன் லாரின்னா அது 4ல ஆரம்பிக்கும், ஜீப்போட 20ல ஆரம்பிக்கற நம்பர் லாரில ஒட்டினவங்க படம் நிறைய பார்த்துட்டேன். பம்பர்ல இடது ஓரம் பெரிய படைப்பிரிவு, வலது ஓரம் கம்பெனியும் வண்டி நம்பரும். ஒட்டறதுக்கு முன்னாடி அந்த இடத்துல பளபள வார்னிஷ், இல்லன்னா டெக்காலுக்கு அடில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மினுங்கும். ஒட்டி முடிச்சு நட்சத்திரத்து மேலயும் தூசி அடிங்க, வண்டி அழுக்கா இருக்கு நட்சத்திரம் மட்டும் கழுவின மாதிரி இருந்தா எப்படி?

கே: மரத் தளம் வச்ச லாரிக்கு மரக் கலர்தானே?

ப: இல்லங்க. இரும்பை மிச்சம் பிடிக்கத்தான் போர் நடுவுல மரத்துக்கு மாறினாங்க, ஆனா மரத்து மேலயும் ஆலிவ் டிராப்தான். தேய்ஞ்ச இடத்துல மட்டும் மரம் தெரியணும், அதுவும் புது பலகை கலர் இல்ல, சாம்பல் கலந்தது.

கே: நம்ம ராணுவ ஸ்டாலியன் லாரி பண்ண ஆசை அண்ணே, முடியுமா?

ப: கேபின் பெட்டி பெட்டியா இருக்கறதால பிளாஸ்டிக் ஷீட்ல முழுசா கட்டிடலாம், வளைவு அதிகம் உள்ள ஜிம்மியை விட சுலபம்னு கூட சொல்வேன். அதைச் செய்யற அசோக் லேலண்ட் நம்மூர் கம்பெனிங்கறதால ஆசை எனக்கும் இருக்கு. படத்துக்கு குடியரசு தின அணிவகுப்பு போட்டோ போதும், கன்டோன்மென்ட் வாசல்ல போய் செல்போனை நீட்டாதீங்க. நம்பர் பிளேட்டை மறந்துடாதீங்க, முதல்ல மேல் நோக்கின அம்பு, அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு இலக்கம், அதுக்கப்புறம் எழுத்தும் நம்பரும். அந்த அம்பு இல்லன்னா அது வெறும் பச்சை லாரி.

கே: வைப்பர் துடைச்ச அரைவட்டம் எப்படி?

ப: மாஸ்கிங் டேப்பை விசிறி மாதிரி வெட்டி கண்ணாடில ஒட்டிட்டு தூசி அடிச்சு எடுத்துடுங்க. முடிஞ்சது.

கே: மொத்தம் எவ்வளவு நாள் ஆச்சு அண்ணா?

ப: நாலு மாசம். அதுல பத்து நாள் கீழ விழுந்த ஹெட்லைட்டை கட்டிலுக்கு அடில டார்ச் அடிச்சு தேடினது, கடைசில என் பொண்ணு பென்சில் பாக்ஸ்ல இருந்துச்சு. இஞ்சின் பத்தி இன்னும் மூணு கேள்வி பாக்கி இருக்கு, அதுக்கு கிட்ட வச்சு படம் எடுத்துட்டுத்தான் சொல்லணும், பானெட்டை வேற ஒட்டித் தொலைச்சுட்டேன், அடுத்த வண்டி வரட்டும்.