இலைச் சாற்றில் உலோக ஆக்சைடு நானோ துகள் எப்படி உருவாகிறது?

1 முதல் 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை அளவுள்ளவை நானோ துகள்கள். துத்தநாக உப்புக் கரைசலில் இலைச் சாற்றை ஊற்றிச் சூடாக்கினால், சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் எனும் தாவர வேதிப்பொருள்கள் துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். கலவை கலங்கி, அடியில் வண்டல் தங்கும். அதை உலர்த்தி, பெரும்பாலும் 400 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்டால் துத்தநாக ஆக்சைடு வெள்ளைத் தூளாகக் கிடைக்கும்.

மாவு உருண்டைகள் ஒட்டாமலிருக்க மேலே வறண்ட மாவு தூவுவோமே, சாறு செய்வதும் அதுதான்: துகள்கள் சேர்ந்து பெரிதாகாமல் தடுக்கிறது. சிறிதாக இருப்பதில்தான் விஷயமே. எடை அதே, வெளிப்பரப்போ பல மடங்கு. புற ஊதா ஒளி பட்டால் அந்தப் பரப்பில் வீரியமான ஆக்சிஜன் வடிவங்கள் உண்டாகி, பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கும். கழிவுநீரிலுள்ள சாயத்தையும் உடைக்கும். (இலை பறிக்கும் பருவத்துக்கேற்பச் சாறு மாறுவதுதான் இந்தத் தயாரிப்பில் பெரிய தலைவலி.)

இலையில் செய்ததால் தீங்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் துகளிலிருந்து கரையும் துத்தநாகம், அளவு மிஞ்சினால் நீரிலுள்ள பாசியையும் மீனையும் சேர்த்தே தாக்கும்.